யார் செய்கிறார் என்று சொல்லாமல்: ஆங்கில நிகழ்காலத்தில் பாஸிவ் வாய்ஸ்

'இங்கே பழைய புத்தகம் விற்கிறார்கள்.' இந்த வாக்கியத்தில் விற்பது யார்? தமிழில் அந்தக் கேள்வியே எழுவதில்லை. வினையின் கடைசியில் நிற்கும் 'ஆர்கள்' யாரோ சிலர் என்று சொல்லிவிடுகிறது, அது போதும். ஆங்கிலத்தில் எழுவாய் இல்லாமல் இப்படி ஒரு வாக்கியம் நிற்காது. 'தே செல் ஓல்ட் புக்ஸ் ஹியர்' என்று ஒரு 'தே'யைக் கொண்டுவரலாம். பேச்சில் அது சரிதான். ஆனால் அறிவிப்பு, கடிதம், செய்தி, செய்முறைக் குறிப்பு என்று எழுத்துக்கு வந்துவிட்டால் 'ஓல்ட் புக்ஸ் ஆர் சோல்ட் ஹியர்' என்பதுதான் இயல்பான வடிவம்.

பாஸிவ் வாய்ஸ் அதாவது செயப்பாட்டு வினை எதற்கு இருக்கிறது என்பதற்கு இதைவிட நேரான விளக்கம் வேண்டாம். செய்கிறவர் யாரென்று தெரியாது, அல்லது தெரிந்தும் சொல்லத் தேவையில்லை, அல்லது செயலுக்கு உள்ளான பொருளைப் பற்றித்தான் பேச்சே. அப்படிப்பட்ட இடங்களுக்கான வடிவம் இது.

ஆனால் பெரும்பாலானவர்களுக்கு இது வாக்கியத்தைத் தலைகீழாகப் புரட்டும் பயிற்சியாகவே அறிமுகமாகிறது. 'ஹி ஈட்ஸ் ஆன் ஆப்பிள்' என்பதை 'ஆன் ஆப்பிள் இஸ் ஈட்டன் பை ஹிம்' என்று மாற்றச் சொல்வார்கள். இலக்கணப்படி பிழை இல்லை. ஆனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர் யாரும் அப்படி ஒரு வாக்கியத்தைச் சாதாரணமாகச் சொல்லமாட்டார். இந்தப் புரட்டல் பயிற்சியையே வருடக்கணக்கில் செய்தவர், ஒரு மின்னஞ்சலில் 'உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது' என்று எழுத வேண்டி வரும்போது திணறுகிறார். புரட்டுவதற்கு அங்கே மூல வாக்கியம் எதுவும் இல்லை. அதனால் பாஸிவை நேரடியாகக் கட்டப் பழகுவதுதான் நல்லது என்பது என் உறுதியான கருத்து. அதற்குப் பிடித்துக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று: 'பி' என்ற துணைவினை.

தமிழில் இதற்குச் சரியான இணை இருக்கிறது. 'திறக்கப்படுகிறது' என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். 'திறக்க' அசையாமல் நிற்கிறது. காலமும் எண்ணும் 'படு' என்பதில் ஏறுகின்றன: திறக்கப்படுகிறது, திறக்கப்படுகின்றன, திறக்கப்பட்டிருக்கிறது. ஆங்கிலத்திலும் வேலை இரண்டாகப் பிரிகிறது. முதன்மை வினை தன் மூன்றாம் வடிவத்தில், அதாவது பாஸ்ட் பார்ட்டிசிபிள் வடிவத்தில், அப்படியே உறைந்து நிற்கும். காலம், எண், இடம் எல்லாவற்றையும் சுமப்பது 'பி'. 'ஓப்பன்ட்' ஒருபோதும் மாறாது. அதற்கு முன்னால் இருப்பதுதான் மாறும்.

நிகழ்காலத்தில் அது எத்தனை விதமாக மாறும்? மொத்தம் 8. சிம்பிள் பிரசன்ட்டில் ஆம், இஸ், ஆர் என்று 3. கன்டினியூவஸில் ஆம் பீயிங், இஸ் பீயிங், ஆர் பீயிங் என்று 3. பெர்ஃபெக்டில் ஹேஸ் பீன், ஹேவ் பீன் என்று 2. இந்த எட்டில் ஒன்றோடு மூன்றாம் வடிவத்தைச் சேர்த்தால் நிகழ்காலப் பாஸிவ் தயார். பெர்ஃபெக்ட் கன்டினியூவஸுக்கும் 'ஹேஸ் பீன் பீயிங்' என்று ஒரு வடிவம் இருக்கிறது. அதை யாரும் விரும்பி எழுதுவதில்லை. 'தி பிரிட்ஜ் ஹேஸ் பீன் பீயிங் ரிப்பேர்ட் ஃபார் டூ மன்த்ஸ்' என்று இழுப்பதற்குப் பதிலாக 'தி பிரிட்ஜ் ஹேஸ் பீன் அண்டர் ரிப்பேர் ஃபார் டூ மன்த்ஸ்' என்று எழுதிவிடுவார்கள். அதை மறந்துவிடலாம்.

மூன்று காலப் பிரிவுகளுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே விண்ணப்பத்தை வைத்துப் பார்க்கலாம்.

'அப்ளிகேஷன்ஸ் ஆர் அக்செப்டட் ஆன்லைன்.' விண்ணப்பங்கள் இணையவழி பெறப்படும். இது பொது நடைமுறை. இந்த நிமிடம் யாரும் எதையும் பெற்றுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. சிம்பிள் பிரசன்ட்.

'யுவர் அப்ளிகேஷன் இஸ் பீயிங் ப்ராசெஸ்ட்.' வேலை நடந்துகொண்டிருக்கிறது, முடியவில்லை. கன்டினியூவஸ்.

'யுவர் அப்ளிகேஷன் ஹேஸ் பீன் அப்ரூவ்ட்.' வேலை முடிந்தது, அதன் பலன் இப்போது உங்கள் கையில். பெர்ஃபெக்ட்.

இரண்டாவது வாக்கியத்தில்தான் அதிகம் சறுக்குகிறது. 'யுவர் அப்ளிகேஷன் இஸ் ப்ராசெஸிங்' என்று எழுதினால் விண்ணப்பமே உட்கார்ந்து எதையோ பரிசீலிக்கிறது என்று பொருளாகிவிடும். 'பீயிங்' என்ற சொல் விடுபட்டதால் செயலுக்கு உள்ளாவது செயலைச் செய்வதாகிவிட்டது. சில வினைகள் மட்டும் இந்த வடிவத்தையும் ஏற்கும்: 'தி ஃபைல் இஸ் டவுன்லோடிங்', 'தி பேஜ் இஸ் லோடிங்' என்பவை சரியான ஆங்கிலம். தமிழில் 'கதவு திறக்கிறது' என்பதுபோல, பொருள் தானாகவே அந்த நிலைக்குப் போவதாகப் பேசும் வினைகள் அவை. எல்லா வினைகளையும் அந்தக் கூட்டத்தில் சேர்க்க முடியாது.

மூன்றாவது வாக்கியத்தில் வேறு ஒரு கண்ணி. 'ஹேஸ் பீன் அப்ரூவ்ட் எஸ்டர்டே' என்று எழுதக் கூடாது. நேற்று, போன வாரம், 2019இல் என்று முடிந்துபோன காலத்தைக் குறிப்பிட்டுவிட்டால் பெர்ஃபெக்ட் அங்கே நிற்காது. 'வாஸ் அப்ரூவ்ட்' என்று இறந்தகாலத்துக்குப் போக வேண்டும். நிகழ்காலத்திலேயே இருக்க வேண்டுமென்றால் 'ஆல்ரெடி', 'ஜஸ்ட்', 'சின்ஸ் மண்டே' போன்றவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இனி ஒரு வாக்கியத்தைக் கையிலெடுத்துப் படிப்படியாகக் கட்டுவோம். 'ஊழியர்கள் தினமும் இந்த அறைகளைச் சுத்தம் செய்கிறார்கள்.' முதலில் வினை: க்ளீன். அடுத்து அந்த வினையிடம் 'எதை?' அல்லது 'யாரை?' என்று கேளுங்கள். 'அறைகளை' என்று பதில் வருகிறது; அதுதான் செயப்படுபொருள், அதுதான் வாக்கியத்தின் தலைக்கு வரப்போகிறது: 'தீஸ் ரூம்ஸ்'. இப்போது பழைய எழுவாயை முழுக்க மறந்துவிட்டு, புதிய எழுவாயை மட்டும் பார்த்து 'பி'யைத் தேர்ந்தெடுங்கள். அறைகள் பன்மை, பொது வழக்கம், எனவே 'ஆர்'. பிறகு மூன்றாம் வடிவம்: 'க்ளீன்ட்'. கடைசியாகக் காலம்: 'எவ்ரி டே'. முழு வாக்கியம்: 'தீஸ் ரூம்ஸ் ஆர் க்ளீன்ட் எவ்ரி டே.' ஊழியர்களைச் சொல்ல வேண்டுமா? அறையைச் சுத்தம் செய்வது ஊழியர்கள்தான் என்பது யாருக்கும் தெரியும். 'பை தி ஸ்டாஃப்' தேவையில்லை.

'ஆல்வேஸ்', 'யூஷுவலி', 'ஆல்ரெடி' போன்ற சொற்கள் 'பி'க்கும் மூன்றாம் வடிவத்துக்கும் நடுவில் உட்காரும்: 'தி கேட் இஸ் ஆல்வேஸ் லாக்ட்.' பெர்ஃபெக்டில் 'ஹேஸ்' முடிந்த உடனே: 'தி லெட்டர் ஹேஸ் ஆல்ரெடி பீன் சென்ட்.' எழுவாயாக வருவது பிரதிப்பெயர் என்றால் வடிவம் மாறும். 'மீ' இருந்த இடத்தில் 'ஐ', 'ஹிம்' இருந்த இடத்தில் 'ஹி', 'தெம்' இருந்த இடத்தில் 'தே'.

'இஸ்'ஸா 'ஆர்'ரா என்பதில் தமிழ்ப் பேச்சுப் பழக்கம் நம்மைக் கொஞ்சம் இழுத்துவிடும். 'புத்தகங்கள் விற்கப்படுகிறது' என்று அஃறிணைப் பன்மைக்கு ஒருமை வினை போட்டுப் பேசுவது நமக்குச் சகஜம். அதே வேகத்தில் 'புக்ஸ் இஸ் சோல்ட்' என்று வந்துவிடும். இன்னொன்று, எழுவாய்க்கும் வினைக்கும் இடையில் வேறு பெயர்ச்சொல் நுழையும்போது நேர்வது. 'தி லிஸ்ட் ஆஃப் நேம்ஸ்' என்றால் சரிபார்க்கப்படுவது பட்டியல், பெயர்கள் அல்ல. 'தி லிஸ்ட் ஆஃப் நேம்ஸ் இஸ் செக்ட் எவ்ரி வீக்.' பக்கத்தில் இருக்கும் 'நேம்ஸ்' காதில் விழுந்து 'ஆர்' போட்டுவிடாதீர்கள். 'இன்ஃபர்மேஷன்', 'ஃபர்னிச்சர்', 'லக்கேஜ்', 'எக்விப்மென்ட்' ஆகியவை எவ்வளவு இருந்தாலும் 'இஸ்'தான்.

மூன்றாம் வடிவத்துக்கு வருவோம். இங்கே பிழைகள் எல்லா வினைகளிலும் சமமாக விழுவதில்லை. 'மேக், மேட், மேட்', 'பில்ட், பில்ட், பில்ட்' என்பதுபோல இரண்டாம் வடிவமும் மூன்றாம் வடிவமும் ஒன்றாக இருந்தால் எதை எடுத்தாலும் சரியாகிவிடும். (முதல் 'பில்ட்' முடிவது 'டி'யில், மற்ற இரண்டும் 'ட்டி'யின் வல்லோசையில், தமிழ் எழுத்தில் அந்த வேறுபாடு தெரியாது.) 'புட்', 'கட்', 'ஷட்' போன்றவை மூன்று இடத்திலும் ஒரே வடிவம். 'ரீட்' எழுத்தில் மாறாது. ஒலி மட்டும் 'ரெட்' என்று மாறும். சிக்கல் மூன்றும் வேறுவேறாக இருக்கும் வினைகளில்தான்: ரைட், ரோட், ரிட்டன், ஸ்பீக், ஸ்போக், ஸ்போக்கன், டேக், டுக், டேக்கன், ப்ரேக், ப்ரோக், ப்ரோக்கன், சூஸ், சோஸ், சோஸன், நோ, ந்யூ, நோன், டூ, டிட், டன், பிகின், பிகேன், பிகன். 'இஸ் ரோட்', 'இஸ் டுக்' என்று வருவதெல்லாம் இந்த வகையில்தான். இவற்றை மட்டும் தனியாக எழுதிவைத்துப் பழகினால் போதும், நூற்றுக்கணக்கான வினைகளின் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம்.

'எட்' சேர்த்து மூன்றாம் வடிவமாகும் வினைகளில் பிழை எழுத்தில் குறைவு, காதில் அதிகம். அந்த 'எட்' மூன்று விதமாக ஒலிக்கிறது. 'வாஷ்', 'பேக்', 'ஸ்டாப்' போலக் குரலற்ற, அதாவது தொண்டை அதிராத, ஒலியில் முடியும் வினையில் அது வல்லோசை 'ட்'. 'க்ளீன்', 'ஓப்பன்', 'கால்' போன்றவற்றில் மெல்ல அதிரும் 'ட்'. ஏற்கெனவே 'ட்' ஒலியில் முடியும் 'பிரிண்ட்', 'நீட்' போன்றவற்றில் மட்டும் தனி அசையாக 'இட்': பிரிண்டிட், நீடிட். முதல் இரண்டு வகையிலும் அடுத்த சொல் மெய்யொலியில் தொடங்கினால் அந்த 'ட்' கிட்டத்தட்டக் கரைந்துவிடும். 'தி ரூம் இஸ் க்ளீன்ட் டெய்லி' என்பதை வேகமாகச் சொல்லிப் பாருங்கள். 'க்ளீன் டெய்லி' என்றுதான் கேட்கும். கேட்டதை அப்படியே எழுதுகிறவர் 'இஸ் க்ளீன்' என்று எழுதுவார், அதற்குப் பொருள் 'சுத்தமாக இருக்கிறது'. காதை நம்பாமல் 'இஸ்'க்குப் பின்னால் வருவது மூன்றாம் வடிவமா என்று கண்ணால் சரிபார்க்க வேண்டிய இடம் இது.

'இஸ் பீன்' என்ற பிழையையும் காதுதான் உண்டாக்குகிறது. 'தி வொர்க் இஸ் பீன் கம்ப்ளீட்டட்' என்று அலுவலக மின்னஞ்சல்களில் அடிக்கடி பார்க்கலாம். அப்படி ஒரு வடிவமே ஆங்கிலத்தில் இல்லை. காரணம் சுருக்கம்: 'இட் ஹேஸ் பீன்' என்பதைப் பேச்சில் 'இட்ஸ் பீன்' என்பார்கள். 'இட் இஸ்' என்பதற்கும் அதே 'இட்ஸ்'தான். கேட்பவர் விரித்து எழுதும்போது 'இஸ்' என்று விரித்துவிடுகிறார். 'பீயிங்', 'பீன்' இரண்டும் நம் வாயில் ஒரே மாதிரி வருவதும் சேர்ந்துகொள்கிறது. 'பீயிங்' இருந்தால் அதற்கு முன் ஆம், இஸ், ஆர். 'பீன்' இருந்தால் அதற்கு முன் ஹேஸ், ஹேவ். கலப்பு மணம் கிடையாது.

எல்லா வினைக்கும் பாஸிவ் உண்டா என்றால் இல்லை. 'எதை, யாரை' என்ற கேள்விக்குப் பதில் தராத வினைக்கு வாக்கியத்தின் தலைக்குக் கொண்டுவரப் பொருளே கிடையாது. ஹேப்பன், அரைவ், ஸ்லீப், டை, ஃபால், எக்ஸிஸ்ட் எல்லாம் அப்படி. 'தி ஆக்சிடென்ட் இஸ் ஹேப்பன்ட்' என்று எழுதுவது நம்மிடம் அதிகம், ஏனென்றால் 'நடந்திருக்கிறது' என்பதில் உள்ள 'இருக்கிறது' நம்மை 'இஸ்' பக்கம் தள்ளுகிறது. 'ஹேஸ் ஹேப்பன்ட்' என்பதே சரி. 'பிலாங்', 'கன்ஸிஸ்ட்' இரண்டும் இதே கூட்டம். 'இஸ் பிலாங்ட் டு', 'இஸ் கன்ஸிஸ்டட் ஆஃப்' என்று எழுதக் கூடாது. செயப்படுபொருள் இருந்தும் மாறாதவை சில உண்டு: உடைமையைக் குறிக்கும் 'ஹேவ்', ஒத்திருப்பதைச் சொல்லும் 'ரிசெம்பிள்', இல்லாமையைச் சொல்லும் 'லாக்', உடை பொருந்துவதைச் சொல்லும் 'ஃபிட்'. அவை செயலைச் சொல்லவில்லை, நிலையைச் சொல்கின்றன.

தமிழுக்கு எட்டாத ஒரு வசதி ஆங்கிலத்தில் இருக்கிறது. 'எனக்கு ஒரு சாவி தரப்படுகிறது' என்பதில் எழுவாய் சாவிதான். 'எனக்கு' என்பதை 'நான்' ஆக்க நம்மால் முடியாது. ஆங்கிலத்தில் கிவ், ஆஃபர், டீச், ஷோ, பே, செண்ட் போன்ற வினைகளில் முடியும்: 'ஐ ஆம் கிவன் எ கீ.' 'எ கீ இஸ் கிவன் டு மீ' என்பதும் சரிதான், ஆனால் ஆளை முன்னால் வைப்பதே அவர்களுக்கு இயல்பு. 'புதிதாகச் சேருபவர்களுக்கு இரண்டு வாரம் பயிற்சி தருகிறார்கள்' என்பதை 'நியூ மெம்பர்ஸ் ஆர் கிவன் டூ வீக்ஸ் ஆஃப் டிரெய்னிங்' என்று எழுதுங்கள். 'ஆர்' ஏன் என்றால் தலையில் இருப்பது 'மெம்பர்ஸ்'. தமிழில் யோசித்து எழுதும்போது இந்த வடிவம் தானாக வராது, வேண்டுமென்றே பழகித்தான் கொண்டுவர வேண்டும்.

கேள்வியும் மறுப்பும் செய்வினையைவிடப் பாஸிவில் எளிது. 'டூ', 'டஸ்' இரண்டும் காணாமல்போய்விடும். 'டஸ்' இருந்த இடத்தில் 'இஸ்' அல்லது 'ஆர்' வரும்: 'இஸ் தி ரூம் க்ளீன்ட் எவ்ரி டே?', 'தி ரூம் இஸ் நாட் க்ளீன்ட் ஆன் சண்டேஸ்.' 'டஸ் தி ரூம் க்ளீன்ட்' என்று இரண்டையும் கலப்பதுதான் வழக்கமான தவறு. 'யாரால்' என்று கேட்க 'ஹூ இஸ் திஸ் ரிப்போர்ட் ரிட்டன் பை?' என்று கேட்டால் போதும். 'பை ஹூம்' என்று தொடங்குவது மிகவும் விறைப்பான நடை.

'பை'யை எப்போது வைத்துக்கொள்வது? செய்தவர் யார் என்பதுதான் செய்தி என்றால் வைத்துக்கொள்ளுங்கள். 'திஸ் மெஷின் இஸ் ஆபரேட்டட் பை ஒன் பெர்சன்' என்பதில் ஒரே ஆள் போதும் என்பதுதான் விஷயம், அதை எடுத்தால் வாக்கியமே வீண். 'பை பீப்பிள்', 'பை சம்ஒன்', 'பை தெம்' என்று வருமானால் தயங்காமல் வெட்டிவிடுங்கள். நம்முடைய 'ஆல்' உருபு இங்கே இன்னொரு குழப்பத்தையும் தருகிறது. 'தச்சரால் வெட்டப்படுகிறது', 'ரம்பத்தால் வெட்டப்படுகிறது' என்று ஆளுக்கும் கருவிக்கும் ஒரே உருபு நமக்கு. ஆங்கிலத்தில் ஆளுக்கு 'பை', கையிலிருக்கும் கருவிக்கு 'வித்': 'தி வுட் இஸ் கட் வித் எ சா.' சில வினைகளோடு வேறு சொற்கள் ஒட்டிக்கொண்டே வரும்: 'ஃபில்ட் வித்', 'கவர்ட் வித்', 'நோன் டு', 'இன்ட்ரெஸ்டட் இன்'. மேசை மரத்தால் ஆனது என்றால் 'மேட் ஆஃப் வுட்', ஏனெனில் மரம் மரமாகவே தெரிகிறது. காகிதம் மரத்திலிருந்து வருகிறது என்றால் 'மேட் ஃப்ரம் வுட்', ஏனெனில் மரம் உருமாறிவிட்டது.

வினையோடு சேர்ந்தே பொருள் தரும் சின்னச் சொல்லைப் பாஸிவில் தொலைத்துவிடக் கூடாது. 'லுக் ஆஃப்டர்' என்றால் பார்த்துக்கொள்வது. 'தி சில்ட்ரன் ஆர் லுக்ட் ஆஃப்டர் பை எ நர்ஸ்' என்பதில் 'ஆஃப்டர்', 'பை' இரண்டும் அடுத்தடுத்து வருவது கண்ணை உறுத்தினாலும் இரண்டும் வேண்டும். 'மேக்' வினையில் நேர்மாறாக ஒன்று கூடுதலாக வரும்: 'தே மேக் ஹிம் வெய்ட்' என்பது 'ஹி இஸ் மேட் டு வெய்ட்' ஆகும்போது இல்லாத 'டு' முளைக்கிறது.

'தி ஷாப் இஸ் க்ளோஸ்ட்' என்ற வாக்கியம் இரண்டு பொருள் தரும். 'மூடியிருக்கிறது', அல்லது 'மூடப்படுகிறது'. தமிழ் இரண்டையும் தெளிவாகப் பிரிக்கிறது, ஆங்கிலம் பிரிப்பதில்லை. பக்கத்தில் நிற்கும் காலச் சொல்தான் பிரிக்கிறது. 'தி ஷாப் இஸ் க்ளோஸ்ட் நௌ' என்பது நிலை. 'தி ஷாப் இஸ் க்ளோஸ்ட் அட் நைன் எவ்ரி நைட் பை தி மேனேஜர்' என்பது செயல்.

பழகுவதற்கு நான் பரிந்துரைப்பது செய்முறைப் பத்திகளை எழுதுவது. குடிநீர்ச் சுத்திகரிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். செய்கிறவர் யாருமே அதில் வரவேண்டியதில்லை. 'வாட்டர் இஸ் பம்ப்ட் ஃப்ரம் தி ரிவர். இட் இஸ் ஃபில்டர்ட் த்ரூ சாண்ட். க்ளோரின் இஸ் ஆடட். தி வாட்டர் இஸ் ஸ்டோர்ட் இன் டேங்க்ஸ் அண்ட் சப்ளைட் டு ஹவுசஸ்.' கடைசி வாக்கியத்தில் 'சப்ளைட்' முன்னால் 'இஸ்' இல்லை. எழுவாய் ஒன்றாகவே இருக்கும்போது ஒரே 'இஸ்' இரண்டு மூன்றாம் வடிவங்களையும் தாங்கும். அதனோடு தொட்டிகளைச் சுத்தம் செய்வதையும் சேர்த்தால் எழுவாய் மாறுகிறது, எண்ணும் மாறுகிறது, எனவே 'பி'யை மறுபடி எழுதியே ஆக வேண்டும்: 'தி வாட்டர் இஸ் ஸ்டோர்ட் இன் டேங்க்ஸ், அண்ட் தி டேங்க்ஸ் ஆர் க்ளீன்ட் ரெகுலர்லி.'